உயிர் மீட்கக் கற்பித்தல்

ஒரு திறனைக் கற்றவர் ஓர் உயிரைக் காக்கலாம். அத்திறனைக் கற்பிக்கவும் கற்றவர் ஓர் ஊரையே ஆயத்தப்படுத்தலாம். இதய நுரையீரல் இயக்க மீட்பு எனப்படும் சி.பி.ஆர். முதலுதவியைப் பிறருக்குப் பயிற்றுவிக்கும் பயிற்றுநரின் பணி அத்தகையது.

காலமும் தொலைவும்

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில், மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி அமைந்த ஊர் புதுப்பட்டினம். ஒருபுறம் கடல், மறுபுறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. கடலில் தொழில் செய்வோரும் சாலையில் விரைவோரும் நிறைந்த பகுதி இது. இங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது.

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் இம்மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. எனினும், இதயத் துடிப்பு நின்றவருக்கு மணிக்கணக்கு இல்லை, நிமிடக்கணக்கே உண்டு. குருதியோட்டம் நின்ற நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பழுதுபடத் தொடங்குகிறது. முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. எவ்வளவு விரைந்த ஊர்தியாயினும் அந்நேரத்திற்குள் எப்போதும் வந்துவிட இயலாது. அந்த இடைவெளியை நிரப்ப வல்லவர் அருகில் நிற்பவர் ஒருவரே.

கைகளே கருவி

நெஞ்சைப் பிளக்காமலே இதயத்தை இயக்க முடியும் என்பதை 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், நிக்கர்பாக்கர், ஜூட் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரை உலகுக்கு உணர்த்தியது. அவர்களுள் கூவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். இம்முறைக்குப் பெருங்கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு கைகள் போதும்.

இந்தியச் சூழலுக்கேற்ப, பொதுமக்கள் நெஞ்சழுத்தம் மட்டுமே தந்து உயிர்காக்கும் எளிய நெறிமுறையை இந்திய மயக்கவியல் வல்லுநர்கள் 2017இல் வெளியிட்டனர். விழுந்து கிடப்பவரின் தோளைத் தட்டி அழைத்துப் பார்க்க வேண்டும். உணர்வும் இயல்பான மூச்சும் இல்லையெனில் உடனே 108ஐ அழைக்கச் செய்ய வேண்டும். பின்னர் உள்ளங்கையின் அடிப்பகுதியை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் பதித்து, மறுகையை அதன்மேல் கோத்து, முழங்கையை மடக்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்திற்கு நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் நெஞ்சு முழுமையாக மேலெழ இடமளிக்க வேண்டும். அப்போதுதான் இதயத்தில் மீண்டும் குருதி நிரம்பும்.

தெரியுமா?

நார்வே நாட்டின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால், 1960இல் மனித உருவப் பயிற்சிப் பொம்மையை உருவாக்கினார். பாரிசின் சீன் ஆற்றில் இறந்து கிடந்ததாகக் கூறப்படும் பெயரறியா இளம்பெண்ணின் முகவார்ப்பே அப்பொம்மைக்கு முகமாயிற்று. ‘ஆன்’ என்று பெயரிடப்பட்ட அப்பொம்மையின் நெஞ்சில் உலகெங்கும் எண்ணற்றோர் பயிற்சி பெற்றுள்ளனர்.

செய்தலும் கற்பித்தலும்

நீந்தத் தெரிந்தவர் எல்லாரும் நீச்சல் கற்பிக்க வல்லவர் ஆகார். அதுபோலவே, நெஞ்சழுத்தம் தரத் தெரிந்தவர் எல்லாரும் பயிற்றுநர் ஆகிவிடுவதில்லை. பயிற்றுநராக விரும்புபவர் முதலில் உயிர்மீட்பு முதலுதவியைத் தாமே பிழையறக் கற்றுத் தேர்வு பெறுகிறார். அடுத்துக் கற்பிக்கும் முறைக்கான பயிற்சியை மேற்கொள்கிறார். பின்பு அனுபவம் மிக்க பயிற்றுநரின் மேற்பார்வையில் வகுப்பு எடுக்கிறார்.

இங்கே அவர் கற்கும் முதற்பாடம், பேச்சைக் குறைப்பது. இத்திறன் செவிவழி வருவதன்று, கைவழி வருவது. அறுவை மருத்துவர் ராட்னி பெய்டன் 1998இல் எடுத்துரைத்த நான்கு படிநிலைகள் இதற்குப் பெரிதும் கைகொடுக்கின்றன. முதற்படியில், பயிற்றுநர் விளக்கம் எதுவுமின்றி இயல்பான வேகத்தில் செய்துகாட்டுகிறார். இரண்டாம் படியில், மெதுவாக, காரணங்களைச் சொல்லிச் செய்கிறார். மூன்றாம் படியில், கற்பவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்கிறார். நான்காம் படியில், கற்பவரே சொல்லிக்கொண்டு செய்கிறார். மூன்றாம் படியே இவற்றுள் நுட்பமானது. கற்பவரின் மனத்தில் எது பதிந்தது, எது விடுபட்டது என்பது அப்போதுதான் வெளிப்படும்.

இரண்டாம் பாடம், உற்றுநோக்குதல். முழங்கை மடங்குகிறதா, கை வயிற்றுப் பக்கம் நழுவுகிறதா, அழுத்தியபின் உடற்பாரம் நெஞ்சின்மீதே தங்கிவிடுகிறதா, களைப்பால் வேகம் தளர்கிறதா என்று பக்கவாட்டில் நின்று கவனிக்க வேண்டும். ‘நன்றாகச் செய்தாய்’ என்னும் பொதுப்பாராட்டும் ‘இது தவறு’ என்னும் பொதுக்கண்டிப்பும் கற்பவருக்கு உதவா. ‘வேகம் சரியாக உள்ளது, கையை இரு விரற்கடை மேலே வை’ என்பதுபோன்ற குறிப்பே உதவும். இரண்டு நிமிடம் அழுத்தினாலே ஒருவர் களைத்துவிடுவதால், அழுத்தம் தடைபடாமல் ஆள் மாறுவதையும் பழக்க வேண்டும்.

அச்சமும் பழக்கமும்

கையைப் பழக்குவதினும் கடினமானது தயக்கத்தை நீக்குவது. ‘விலா எலும்பு முறிந்தால் என்ன செய்வது?’ என்று பலர் அஞ்சுவர். முறிந்த எலும்பு கூடும்; நின்ற இதயம் தானாக இயங்காது என்பதைப் பயிற்றுநர் தெளிவுபடுத்துகிறார். பெண்களின் நெஞ்சைத் தொட நேருமே என்னும் கூச்சத்தையும் அவர் மறைக்காமல் பேசுகிறார். உயிருக்குப் போராடும் வேளையில் தொடுதல் காத்தலேயன்றி வேறன்று.

கடலோர ஊர்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. நீரில் மூழ்கியவரைத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் நெடுநாள் வழக்கங்கள். இவற்றால் வயிற்றிலுள்ளவை மூச்சுக்குழாய்க்குள் புகக்கூடும். அரிய நேரமும் வீணாகும். மூழ்கியவருக்குக் குறைவது உயிர்வளி. ஆகவே, பயிற்சி பெற்றவர் நெஞ்சழுத்தத்தோடு மீட்புமூச்சும் அளிப்பது இன்றியமையாதது. மூச்சளிக்கத் தெரியாதவர் நெஞ்சழுத்தத்தையாவது உடனே தொடங்க வேண்டும். வழக்கத்தை எள்ளிநகையாடுபவரின் சொல் ஊரில் ஏறாது. காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தை மதித்து, வழியை மட்டும் திருத்துபவரே சிறந்த பயிற்றுநர்.

கற்றது மறக்கும் என்பதும் அவர் அறிந்ததே. மீள்பயிற்சியின்றேல் இத்திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். எனவே, ஒருநாள் முகாமோடு அவர் பணி முடிவதில்லை.

ஊர் கற்றால்

1972இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இதய மருத்துவர் லெனார்டு காப் பொதுமக்களுக்கான பெரும்பயிற்சியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பயின்றனர். டென்மார்க்கில் 2005 முதல் பள்ளிகளிலும், 2006 முதல் ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கும் இப்பயிற்சி கட்டாயமாயிற்று. அந்நாட்டில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுள் அருகிலிருந்தோரின் உதவியைப் பெற்றவர்கள் 2001இல் 21 விழுக்காட்டினர்; 2010இல் 45 விழுக்காட்டினர். முப்பது நாள்களுக்குப் பின்னும் உயிரோடிருந்தோர் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடாக உயர்ந்தனர். பிற மருத்துவ முன்னேற்றங்களுக்கும் இதில் பங்குண்டு. எனினும் முதல் நிமிடங்களில் உதவியவை பொதுமக்களின் கைகளே.

பன்னிரண்டு வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் மாணவர்களுக்கு இப்பயிற்சியளிக்க வேண்டும் என்னும் பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஏற்றுக்கொண்டது. பள்ளியில் கற்ற மாணவர் வீட்டில் பெற்றோருக்கும், தெருவில் அண்டை அயலாருக்கும், கரையில் வலை உலர்த்துவோருக்கும் செய்துகாட்ட முடியும். கடலும் சாலையும் அருகருகே அமைந்த புதுப்பட்டினம் போன்ற ஊர்களில், அழைத்த ஊர்தி வந்துசேரும்வரை ஓர் உயிரைத் தாங்கிப்பிடிப்பவை, முன்பே யாரோ ஒருவர் பொறுமையாகப் பழக்கிவைத்த கைகளே.