உப்பா, கல்லா?

கோவில்பட்டிப் பக்கத்து வீடுகளில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் உட்புறத்தை எப்போதாவது கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அடியிலும் பக்கங்களிலும் வெள்ளையாக, சொரசொரப்பாக ஓர் ஏடு படிந்திருக்கும். "உப்பு படிந்துவிட்டது" என்பார்கள் பெரியவர்கள். மாணவ நண்பர்களே, உப்பு என்றால் தண்ணீரில் கரைய வேண்டும் அல்லவா? நாள் முழுவதும் தண்ணீரிலேயே கிடந்தும் இது ஏன் கரையவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டால், டீக்கடை பாய்லர் முதல் இன்று சில வீடுகளுக்கு வந்துவிட்ட தானியங்கி எஸ்பிரஸோ காப்பி இயந்திரம் வரை, வெந்நீர் புழங்கும் எல்லாவற்றையும் காப்பாற்றும் வழி தெரிந்துவிடும்.

ஒரு சிறு சோதனை

பாத்திரத்திலிருந்து அந்த வெள்ளை ஏட்டைச் சிறிது சுரண்டி ஒரு தட்டில் வையுங்கள். கரிசல் காட்டில் உழவு சாலில் கிடக்கும் சுக்கான் கல் ஒன்றைப் பொடி செய்து பக்கத்தில் வையுங்கள். இரண்டின் மீதும் எலுமிச்சைச் சாற்றைச் சில சொட்டுகள் விடுங்கள். இரண்டிலிருந்தும் நுரைபோல் சிறு குமிழிகள் கிளம்பும். சமையல் உப்பின் மீது விட்டுப் பாருங்கள். ஒரு குமிழிகூட வராது.

குமிழிகளில் இருப்பது கரியமில வாயு. ஆகவே பாத்திரத்தில் படிந்தது சமையல் உப்பு அன்று. சுக்கான் கல்லில் உள்ள அதே கால்சியம் கார்பனேட். காட்டிலிருந்த கல் சமையலறைக்கு எப்படி வந்தது?

கல் நீராகி, நீர் கல்லாகும் கதை

கால்சியம் கார்பனேட் தூய நீரில் மிகமிகக் குறைவாகவே கரையும்: ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம். ஆனால் மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது மெல்லிய அமிலமாகிறது. இந்த அமில நீர் சுக்கானைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொள்கிறது. கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் அதற்குள் கல் கரைந்திருக்கும். சோப்பு நுரைக்காத இத்தகைய நீரையே கடின நீர் என்கிறோம்.

கரிசல் பூமியில் மழை குறைவு, வெயில் அதிகம். நிலத்தில் இறங்கிய நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிட, சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கிச் சுக்கானாகத் திரள்கிறது. அதனால்தான் இங்கே பல கிணறுகளின் நீர் கடினமாக இருக்கிறது. சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுத்துக் கோவில்பட்டிக்குக் குழாயில் வரும் ஆற்று நீர் இவ்வளவு கடினமானதன்று. குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ ஊற்றும்போதுதான் தொல்லை கூடுகிறது.

கடின நீரைக் கொதிக்க வைத்தால் கரியமில வாயு வெளியேறிவிடும். கல்லைக் கரைத்து வைத்திருந்த துணை போய்விடுவதால், கல் மறுபடியும் கல்லாகவே வெளிப்பட்டுச் சூடான பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இப்படிப் படிவதைக் காரை என்போம்.

காப்பி இயந்திரத்துக்குள்

கல்யாண வீடுகளில் நீராவி சீறப் பாலைப் பொங்கவைத்துத் தரும் காப்பியை நம்மவர் எஸ்பிரஸோ என்பதுண்டு. இத்தாலிய எஸ்பிரஸோ அதுவன்று. 1884-இல் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஆஞ்செலோ மோரியோந்தோ நீராவியால் இயங்கும் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பலர் அதைத் திருத்தி அமைத்தனர். இன்றைய இயந்திரத்தில் 90 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீர், காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்தில் காப்பித்தூளின் ஊடே தள்ளப்படுகிறது. அரை நிமிடத்திற்குள் காப்பி இறங்கிவிடும். தானியங்கி இயந்திரம் கொட்டையை அரைப்பதிலிருந்து சக்கையைத் தள்ளுவது வரை தானே செய்துகொள்ளும்.

தன்னைத் தானே முழுவதும் சுத்தம் செய்துகொள்ள மட்டும் அதனால் ஆகாது. டீக்கடை பாய்லரில் அகலமான வயிறு. காரை சிறிது படிந்தாலும் நீர் ஓடும். காப்பி இயந்திரத்திலோ வெந்நீர் செல்லும் குழாய்கள் மிகக் குறுகியவை. காரை செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். எனவே முதலில் காப்பி ஆறிப்போய் இறங்கும். பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கும். கடைசியில் நின்றே போகும். பெரும் பொருள் கொடுத்து வாங்கிய இயந்திரம் காப்பி குடித்த குற்றத்தால் அன்று, தண்ணீர் குடித்த குற்றத்தால் மூலையில் கிடக்கும்.

எவ்வளவு கல் சேரும்? கணக்கிடுவோம். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. 300 மில்லிகிராம் உள்ள நீரை நாளொன்றுக்கு 1 லிட்டர் ஊற்றினால், 100 நாளில் 30 கிராம் கல் இயந்திரத்துக்குள் நுழைகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் 3 கிராம். குறுகிய குழாய்க்கு அது போதாதா?

அழுக்கு இரண்டு, மருந்தும் இரண்டு

இயந்திரத்தில் சேரும் அழுக்கு இருவகை. ஒன்று காரை, அது அமிலத்தில் கரையும். மற்றொன்று காப்பிக்கொட்டையின் எண்ணெய். அது அமிலத்துக்கு அசையாது, காரத்துக்கே அசையும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கத் தரும் மாத்திரைகளில் சலவைச் சோடாவைப் போன்ற காரப் பொருள்கள் இருப்பது இதனால்தான். ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் பயன் இல்லை.

நாள்தோறும் செய்ய வேண்டியவை எளியவை. சக்கைப் பெட்டியையும் சொட்டு நீர்த் தட்டையும் காலி செய்து கழுவி உலர்த்துங்கள். ஈரச் சக்கையில் பூஞ்சை விரைவில் வளரும். பால் செல்லும் குழாயை உடனே நீர்விட்டு அலசுங்கள். காய்ந்தால் பாலின் புரதம் ஒட்டிக்கொள்ளும். கழற்றக்கூடிய வடிக்கும் பகுதியை வாரம் ஒரு முறை சோப்பு இல்லாமல் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள்.

காரைக்குக் குறிப்பேட்டில் சொல்லியிருக்கும் அமில மருந்தைச் சொன்ன அளவில் கரைத்து ஓட்ட வேண்டும். பல மருந்துகளில் இருப்பது சிட்ரிக் அமிலம். கடைகளில் லெமன் சால்ட் என்று விற்பதும் இதுவே. 1 கிராம் காரையைக் கரைக்க ஏறத்தாழ 1.3 கிராம் சிட்ரிக் அமிலம் தேவை. பிறகு தொட்டி நிறைய நல்ல நீரை இருமுறை ஓட்டி அலச வேண்டும். எலுமிச்சைச் சாற்றையே ஊற்றலாமா? கூடாது, அதன் சக்கை குழாயை அடைக்கும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலமோ உலோகத்தையே அரிக்கும். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடருடன் கலக்கவே கூடாது. நச்சுள்ள குளோரின் வாயு கிளம்பும். பெரியவர் ஒருவர் உடனிருக்க, இயந்திரம் குளிர்ந்த பிறகே பகுதிகளைக் கழற்றுங்கள்.

"காரை நீக்குக" என்று விளக்கு எரியும்போது செய்தால் போதாதா? அந்த விளக்குக்குக் கண் இல்லை. எத்தனை லிட்டர் ஓடியது என்று எண்ணி, நாம் குறித்துவைத்த கடினத்தன்மையைக் கொண்டு கணக்கிட்டே அது எரிகிறது. மென்னீர் என்று குறித்துவிட்டுக் கிணற்று நீரை ஊற்றினால், குழாய் அடைத்த பிறகுதான் விளக்கு எரியும்!

எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்று உண்டு. கிணற்று நீரை முன்கூட்டியே ஒரு பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேல்நீரைத் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மையில் பெரும்பகுதி போய்விடும். கால்சியம் சல்பேட்டால் வந்தது மட்டும் நீரிலேயே நிற்கும். படிய வேண்டிய கல் பாத்திரத்திலேயே படியட்டும். அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். இயந்திரத்தின் வயிற்றுக்குள் கை நுழையாது.