கூலர் தொட்டியில் என்ன இருக்கிறது?

மே மாதம். தில்லியில் வெயில் 42, 43 டிகிரி அடிக்கிறது. சில நாட்களில் 45 டிகிரியையும் தொட்டுவிடும். பகலில் மேற்கிலிருந்து அனல் காற்று வீசும். அந்தக் காற்றை அங்கே 'லூ' என்கிறார்கள். வெளியே நின்றால் முகம் எரியும். வீட்டுக்குள் மின்விசிறியைப் போட்டாலும் சூடான காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

இந்த வெயிலைத் தாங்க அங்குள்ள மக்கள் ஒரு பெட்டியை நம்பி இருக்கிறார்கள். அதுதான் கூலர். தில்லி, ராஜஸ்தான், அரியானா, உத்தரப் பிரதேசம், நாகபுரி என்று எங்கே போனாலும் பார்க்கலாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரப் பெட்டி இரும்புக் காலில் நிற்கும். மாடி வீட்டிலும் இருக்கும். குடிசையிலும் இருக்கும்.

கூலர் வேறு, ஏ.சி. வேறு. ஏ.சி.யின் விலை அதிகம். அது மின்சாரத்தையும் நிறைய இழுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. ஓடுவதற்குச் சுமார் 1,500 வாட் வேண்டும். கூலருக்குச் சுமார் 200 வாட் போதும். அதனால்தான் கூலரை ஏழைகளின் ஏ.சி. என்கிறார்கள்.

பெட்டி எப்படிக் குளிர் தருகிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் வெளிப்பக்கம் ஈரம் கசிகிறது. அந்த ஈரம் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் உள்ளே உள்ள தண்ணீர் குளிர்கிறது.

கூலரிலும் இதேதான் நடக்கிறது. பெட்டியின் அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மூன்று பக்கமும் தட்டிகள் இருக்கின்றன. ஒரு சின்னப் பம்பு தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. தண்ணீர் தட்டிகளில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நடுவில் உள்ள மின்விசிறி வெளிக்காற்றை ஈரத் தட்டி வழியாக இழுக்கிறது. காற்று குளிர்ந்து அறைக்குள் வருகிறது.

அந்தத் தட்டியில் என்ன இருக்கும் தெரியுமா? சில வீடுகளில் நம் வெட்டிவேர்தான்! வடக்கே அதற்கு 'கஸ்' என்று பெயர். அக்பர் காலத்திலேயே அரண்மனைக் கதவுகளில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். இன்று பெரும்பாலான கூலர்களில் மரச்சீவல்தான் இருக்கிறது. மரத்தை நூல் போல மெல்லியதாகச் சீவி அடைத்திருப்பார்கள். பார்ப்பதற்குக் காய்ந்த புல் போல இருக்கும். பேச்சு வழக்கில் அதைப் புல் என்றே சொல்கிறார்கள். தேன்கூடு போன்ற அட்டை வைத்த கூலர்களும் இப்போது வருகின்றன.

கூலருக்கு வறண்ட காற்று வேண்டும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. மழை நாளில் துணி காய்வதில்லை அல்லவா? அதே கதைதான். அதனால் சென்னை போன்ற கடலோர ஊர்களில் கூலர் அவ்வளவாகப் பயன்படாது. தில்லியிலும் மழை தொடங்கிய பிறகு அது குளிர் தராது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

ஏப்ரலில் வரும் கூலர் மெக்கானிக்

வெயில் தொடங்கும் நேரத்தில் தெருவில் கூலர் மெக்கானிக் வருவார். சைக்கிளில் மரச்சீவல் மூட்டை தொங்கும். பையில் பம்பு, வயர், ஸ்குரூடிரைவர் எல்லாம் இருக்கும். பழைய சீவலைப் பிடுங்கிப் போடுவார். அதில் ஓராண்டுத் தூசியும் உப்பும் ஏறியிருக்கும். புதிய சீவலை அடைப்பார். மின்விசிறிக்கு எண்ணெய் விடுவார். பம்பு ஓடுகிறதா என்று பார்ப்பார். துருப்பிடித்த தொட்டிக்குத் தார் பூசுவார்.

இது தேவையான வேலைதான். தட்டியில் தூசி அடைத்திருந்தால் காற்று வராது. வருகிற காற்றிலும் நாற்றம் அடிக்கும். ராஜஸ்தான் பக்கத்திலிருந்து புழுதிப் புயல் வரும். ஒரே நாளில் தட்டி பழுப்பாகிவிடும். அந்தத் தட்டி வழியாக வரும் காற்றைத்தான் வீட்டில் எல்லோரும் இரவு முழுவதும் சுவாசிக்கிறார்கள்.

மெக்கானிக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். "இந்த ஆண்டுக்குக் கூலர் வேலை முடிந்தது" என்று வீட்டார் நினைப்பார்கள். ஆனால் முடியவில்லை. மெக்கானிக் ஆண்டுக்கு ஒரு முறை செய்வது கூலருக்கான வேலை. வாரத்துக்கு ஒரு முறை ஒரு வேலை இருக்கிறது. அது வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கான வேலை. அதைச் செய்ய யாரும் தெருவில் வர மாட்டார்கள்.

தொட்டிக்குள் நடப்பது

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவின் பெயர் ஏடிஸ். அதன் கால்களில் வெள்ளை வெள்ளையாக வளையங்கள் இருக்கும். அது பகலில் கடிக்கும். சாக்கடை அதற்குப் பிடிக்காது. தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். நிழலான இடமாக, யாரும் தொடாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது. கூலர் தொட்டியில் இவை எல்லாமே கிடைக்கின்றன!

பெண் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கும். முட்டைகள் கரும்பொடி போல இருக்கும். தண்ணீர் பட்டதும் முட்டை பொரிந்து புழு வரும். புழு நெளிந்து நெளிந்து நீந்தும். பிறகு கூட்டுப்புழு ஆகும். அதிலிருந்து கொசு பறக்கும். வெயில் காலத்தில் இதற்கெல்லாம் எட்டு, பத்து நாட்கள் போதும்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் புழு செத்துவிடும். முட்டை சாகாது. சுவரில் ஒட்டியபடியே பல மாதங்கள் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றினால் பொரிந்துவிடும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்க்க வேண்டும்.

ஜூலையில் மழை வருகிறது. கூலர் குளிர் தருவதில்லை. வீட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். தொட்டியில் பாதித் தண்ணீர் நிற்கிறது. மழைத் தண்ணீரும் சேர்கிறது. கூலர் ஓடிய நாட்களில் தண்ணீராவது அசைந்துகொண்டிருந்தது. இப்போது அசையாமல் நிற்கிறது. தில்லியில் டெங்கு அதிகமாகப் பரவுவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். கூலர் ஓடாத மாதங்கள் அவை.

கொசுப்புழுவைத் தேடி மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். கையில் டார்ச் விளக்கு இருக்கும். பல வீடுகளில் பேச்சு இப்படித்தான் போகும்:

"பஹன்ஜி, கூலரைப் பார்க்க வேண்டும்."

"நாங்கள் கூலர் போட்டே ஒரு மாதம் ஆகிறதே."

"அதனால்தான் பார்க்க வந்தேன்."

புழு இருந்தால் நோட்டீசு கொடுப்பார்கள். அபராதமும் போடலாம். சிலர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அது நல்லதல்ல. ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து போவதில்லை. நம்மைக் கடிக்கும் கொசு நம் வீட்டில் பிறந்தது. அல்லது பக்கத்து வீட்டில் பிறந்தது.

1996-ம் ஆண்டில் தில்லியில் டெங்கு பெரிதாகப் பரவியது. 10,252 பேர் நோயில் விழுந்ததாகக் கணக்கு. 423 பேர் இறந்துபோனார்கள். 2015-ம் ஆண்டில் 15,000-க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. 2019 செப்டம்பரில் தில்லி அரசு ஓர் இயக்கம் தொடங்கியது. பத்து வாரம், ஞாயிறுதோறும், காலை பத்து மணிக்கு, பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தம் வீட்டில் தேங்கிய தண்ணீரைத் தேட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

கழுவும் முறை

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். கை உலர்ந்திருக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? கூலர் தகரப் பெட்டி. உள்ளே தண்ணீர். அந்தத் தண்ணீரிலேயே பம்பு கிடக்கிறது. அதில் 230 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. வயரில் ஒரு கீறல் விழுந்தால் போதும். பெட்டி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். வடமாநிலங்களில் ஒவ்வொரு கோடையிலும் இப்படி உயிர்கள் போகின்றன. கூலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஊற்றுகிறார்கள். குழந்தைகள் ஈரக் கையால் தொடுகிறார்கள். எனவே மூன்று முள் பிளக்தான் போட வேண்டும். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று வயரிங் செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள். யாரையாவது மின்சாரம் தாக்கினால் அவரைக் கையால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் அவரைத் தள்ளிவிடுங்கள். பிறகு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பிளக்கைப் பிடுங்கியாயிற்று. இப்போது தட்டிகளைக் கழற்றுங்கள். தொட்டியின் அடியில் உள்ள அடைப்பானைத் திறந்து தண்ணீரை விடுங்கள். மீதித் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு தேங்காய் நார் அல்லது பிரஷ் கொண்டு நான்கு சுவரையும் அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் நின்ற கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒட்டித்தான் முட்டைகள் இருக்கும். அங்கே இரண்டு முறை தேயுங்கள். மூலைகளை விட்டுவிடாதீர்கள். பம்பின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அதையும் சுரண்டுங்கள். தட்டியின் இரு பக்கமும் தண்ணீர் அடித்துத் தூசியைப் போக்குங்கள். பிறகு தொட்டியை நன்றாகக் காயவிட்டு, அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். வாரத்தில் ஒரு நாள் இதைச் செய்தால் போதும். கொசு பறக்க எட்டு நாளாவது வேண்டும். நாம் ஏழாம் நாளே முந்திக்கொள்கிறோம்.

"குடிக்கவே தண்ணீர் இல்லை. தொட்டித் தண்ணீரைக் கொட்டுவதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான். தில்லியின் பல குடிசைப் பகுதிகளுக்கு லாரியில்தான் தண்ணீர் வருகிறது. வரிசையில் நின்று பிடித்த தண்ணீரைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. நாளைக் காலை கழுவப் போகிறீர்கள் என்றால் இன்று மாலைக்குப் பிறகு தண்ணீர் ஊற்றாதீர்கள். இரவு முழுவதும் கூலர் ஓடும். காலையில் தொட்டியில் கொஞ்சம்தான் இருக்கும். பம்பு காய்ந்து ஓடினால் எரிந்துபோகும். அதனால் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்ததும் பம்பை நிறுத்திவிடுங்கள். மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். கக்கூசுக்கும் ஊற்றலாம். மண்ணில் கொட்டினால் புழு காய்ந்து செத்துவிடும். வாளியில் பிடித்து வைத்தால் புழு வாளியில் வளரும்.

காற்றுப் போகும் வழியையும் பாருங்கள். கூலர் ஓடும்போது எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். உள்ளே வந்த ஈரக் காற்று வெளியே போக வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டால் அறை புழுங்கும். சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது.

காய்ச்சல் வந்தால்

திடீரென்று கடும் காய்ச்சல் வரும். தலை வலிக்கும். கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். எலும்பை முறிப்பது போல உடம்பு வலிக்கும். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டும். டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஆனால் சரியான கவனிப்பு உயிரைக் காப்பாற்றும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நிறையக் குடிக்கக் கொடுங்கள். கடையில் தாமாக ஆஸ்பிரின் மாத்திரை வாங்கித் தராதீர்கள். அது இரத்தக் கசிவை அதிகமாக்கும்.

காய்ச்சல் குறைந்ததும் சிலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் டெங்குவில் ஆபத்து வருவது பெரும்பாலும் அப்போதுதான். வயிற்றில் கடும் வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், தாங்க முடியாத சோர்வு. இதில் ஒன்று தெரிந்தாலும் இரவு என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கூலரை எடுத்து வைக்கும்போது

மழை தொடங்கிவிட்டது. கூலரை நிறுத்திவிட்டீர்கள். அன்றைக்கே தொட்டியைக் காலி செய்யுங்கள். தேயுங்கள். ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். பழைய சீவலைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். கூலரைத் தூக்க முடிந்தால் வீட்டுக்குள் வையுங்கள். முடியாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்காதபடி மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். தொட்டியின் அடைப்பானைத் திறந்தே விடுங்கள். தப்பித் தவறித் தண்ணீர் இறங்கினாலும் வழிந்து போய்விடும். மொட்டை மாடியில் உடைந்த பழைய கூலர் கிடந்தால் இரும்புக் கடைக்காரரிடம் போட்டுவிடுங்கள்.

மறுபடி ஏப்ரலில் மெக்கானிக் வருவார். அவர் புதிய சீவல் அடைப்பதற்கு முன்பு, தொட்டிச் சுவரை இன்னொரு முறை தேய்த்துவிட்டு முதல் குடம் தண்ணீரை ஊற்றுங்கள்.