கணவாய் வாயிலில் ஒரு தலைநகர்: திருவண்ணாமலை நகரின் வரலாறும் இன்றைய நிலையும்

ஆய்வுச் சுருக்கம்

திருவண்ணாமலை பெரும்பாலும் தலமாகவே ஆராயப்பட்டுள்ளது. ஆட்சித் தலைமையிடமாக அது பெற்ற இடம் போதிய கவனம் பெறவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளனின் தலைநகராகவும், பதினெட்டாம் நூற்றாண்டில் படைகள் மாறிமாறிக் கைப்பற்றிய அரணாகவும், 1989 முதல் மாவட்டத் தலைநகராகவும் இந்நகர் விளங்கியுள்ளது. இம்மூன்று நிலைகளுக்கும் அடிப்படையான நில அமைப்பையும், அவ்வமைப்பே இன்று நகரின் முன் வைக்கும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருவண்ணாமலை, செங்கம் கணவாய், மூன்றாம் வீரவல்லாளன், போசளர், நகர வரலாறு, நீர்நிலைகள்.

முன்னுரை

தமிழர் வரலாற்றில் தலைநகர் என்றவுடன் ஆற்றங்கரையோ கடற்கரையோ நினைவிற்கு வருவது இயல்பு. மதுரைக்கு வையை, உறையூருக்குக் காவிரி, புகாருக்கும் கொற்கைக்கும் கடல். திருவண்ணாமலைக்கு இவற்றுள் எதுவும் இல்லை. தென்பெண்ணை நகரைத் தொடாமல் தெற்கே விலகிச் செல்கிறது. கடல் கிழக்கே நெடுந்தொலைவில் உள்ளது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள ஒரு தனிமலையும், அதன் கிழக்கு அடிவாரத்தில் ஏறக்குறைய 25 ஏக்கர் பரப்பில் அமைந்த ஒரு கோயிலுமே ஊரின் அடையாளங்கள். இத்தகைய ஊர் ஏன் மீண்டும் மீண்டும் ஆட்சியாளர்களின் தேர்வாக அமைந்தது என்னும் வினாவிற்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நில அமைப்பும் பழைமையும்

திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில் செங்கம் உள்ளது. சவ்வாது மலைத்தொடருக்கும் அதன் தெற்கிலுள்ள மலைகளுக்கும் இடையே அமைந்த செங்கம் கணவாய், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளை, அவற்றின் வழியே மைசூர்ப் பீடபூமியை, கிழக்குச் சமவெளியுடன் இணைக்கிறது. மேட்டுநிலத்திலிருந்து இக்கணவாய் வழியே இறங்கும் எவரும் சமவெளியில் முதலில் எதிர்கொள்ளும் பெரிய ஊர் திருவண்ணாமலையே.

இவ்வழியின் பழைமைக்கு இலக்கியமும் தொல்லியலும் சான்று தருகின்றன. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மா என்னும் செங்கத்தை ஆண்ட நன்னன்சேய் நன்னனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அது ஓர் ஆற்றுப்படை நூல் என்பதும், பெரும்பகுதி மலைவழியின் இயல்பையே கூறுகிறது என்பதும் இங்குக் கருதத்தக்கவை. செங்கம் வட்டாரத்தில் கண்டறியப்பட்டுத் தமிழ்நாடு தொல்லியல் துறையால் 1972ஆம் ஆண்டு நூலாக வெளியிடப்பட்ட நடுகற்கள், ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பூசல்களிலும் இறந்த வீரர்களைக் குறிக்கின்றன. பண்டமும் பாணரும் சென்ற வழியில் படையும் சென்றது என்பதை இவை உணர்த்துகின்றன.

திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர் ஆகியோரின் பாடல் பெற்ற நடுநாட்டுத் தலங்களுள் ஒன்றாக ஏழாம் நூற்றாண்டிலேயே திருவண்ணாமலை அறியப்பட்டிருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகள் இப்பகுதியைப் பெண்ணை வடகரையில் அமைந்த அண்ணாநாடு எனக் குறிப்பிடுகின்றன. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990ஆம் ஆண்டு தொகுத்து வெளியிட்ட இக்கோயிற் கல்வெட்டுகள் சோழர், காடவராயர், வாணகோவரையர், போசளர், விசயநகரத்தார் எனப் பல மரபினரின் கொடைகளைப் பதிவு செய்கின்றன. எந்த ஒரு மரபும் இவ்வூரை நிலையாகத் தனதாக்கிக் கொள்ளவில்லை. ஆயினும் இவ்வழியே வந்த ஒவ்வொரு மரபும் கோயிலில் தன் பெயரைப் பொறித்துச் சென்றது.

வீரவல்லாளனின் தலைநகர்

1311ஆம் ஆண்டு மாலிக் காபூரின் படையெடுப்பும், அதன்பின் முகமது பின் துக்ளக் காலத்துத் தாக்குதலும் போசளரின் தலைநகராகிய துவாரசமுத்திரத்தை நிலைகுலையச் செய்தன. அந்நிலையில் மூன்றாம் வீரவல்லாளன் 1328ஆம் ஆண்டளவில் திருவண்ணாமலையைத் தன் தலைமையிடமாகக் கொண்டான். இதற்குப் பக்தியை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. வடக்கிலிருந்து வரும் படையின் நேர்வழியிலிருந்து இவ்வூர் விலகியிருந்தது. அதே வேளையில் செங்கம் கணவாய் வழியே கன்னட நாட்டுப் பகுதிகளுடன் தொடர்பு அறாமல் இருந்தது. தெற்கே, முன்பு போசளர் படைவீடாயிருந்த கண்ணனூர் வரை தமிழகத்தில் அவர்கள் செல்வாக்குப் பெற்றிருந்தனர். 1335ஆம் ஆண்டளவில் மதுரையில் தனிச் சுல்தானகம் உருவானபோது அதனைக் கண்காணிக்கவும் இவ்விடம் ஏற்றதாயிற்று. இரு நிலங்களையும் ஒருசேர நோக்கக்கூடிய வாயிலாகவே மன்னன் இவ்வூரைத் தேர்ந்தான் எனலாம்.

இத்தலைநகரின் வாழ்வு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளே. கண்ணனூர் முற்றுகையின்போது 1342ஆம் ஆண்டளவில் வல்லாளன் மதுரைப் படையிடம் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். முதுமையெய்திய அம்மன்னனின் உடலுக்கு நேர்ந்த இழிவை, அக்காலத்தில் மதுரைக்கு வந்த மொராக்கோப் பயணி இபின் பதூதா தம் பயணக் குறிப்பில் எழுதியுள்ளார்.

போசள அரசு மறைந்தது. ஆனால் ஊர் அம்மன்னனை மறக்கவில்லை. கோயிலின் கோபுரம் ஒன்று இன்றும் வல்லாள மகாராசன் பெயரால் வழங்குகிறது. எல்லப்ப நாவலரின் அருணாசலப் புராணம் வல்லாள மகாராசனுக்குத் தனிச் சருக்கமே அமைத்துள்ளது. மகப்பேறற்ற மன்னனுக்கு இறைவனே மகனானான் என்னும் அப்புராண மரபின்படி, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டிற்கு எழுந்தருளி மன்னனுக்குத் திதி கொடுக்கும் நிகழ்வு நடைபெறுகிறது. போர்க்களத்தில் இழிவுற்று இறந்த மன்னனுக்கு உரிய இறுதிக் கடனை ஊர் தன் இறைவனைக் கொண்டு செய்விக்கிறது என இச்சடங்கை வரலாற்று நோக்கில் பொருள் கொள்ளலாம். அரசு எழுதாத இரங்கலைக் கோயில் நாட்காட்டி காத்துவருகிறது.

கோயில் அரணாதல்

விசயநகரக் காலத்தில் ஆட்சித் தலைமை வேறிடங்களுக்குப் பெயர்ந்தபோதும் கோயில் வளர்ந்தது. கிருட்டிணதேவராயர் காலத்தில் ஆயிரங்கால் மண்டபமும் திருக்குளமும் அமைந்தன. பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட கிழக்கு இராசகோபுரம் அவர் காலத்தில் தொடங்கப்பெற்றுத் தஞ்சை நாயக்க மன்னர் சேவப்பர் காலத்தில் நிறைவுற்றது. இவ்வுயர்ந்த மதில்களே பிற்காலத்தில் ஊரின் அமைதிக்கு இடையூறாயின.

பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் கணவாய் மீண்டும் முதன்மை பெற்றது. 1767ஆம் ஆண்டு செப்டம்பர் 3 அன்று செங்கத்தில் ஐதர் அலி, ஐதராபாத் நிசாம் ஆகியோரின் கூட்டுப் படையை எதிர்கொண்ட ஆங்கிலத் தளபதி சோசப் சுமித்து, உணவுப்பொருள் நாடித் திருவண்ணாமலைக்கு வந்தார். அதே மாத இறுதியில் இவ்வூரின் அருகே நிகழ்ந்த போரில் கூட்டுப்படை பின்வாங்கியது. பிரெஞ்சுக்காரர், மராத்தியர், ஆங்கிலேயர், மைசூரார் எனப் பலரும் இந்நூற்றாண்டில் இவ்வூரைத் தாக்கினர். கோயில் வளாகமே கோட்டையாகப் பயன்பட்டது.

இங்கு ஈழத்தின் திருகோணமலையை ஒப்பிட்டுக் காண்பது பயன்தரும். அதுவும் மலையைப் பெயரிற் கொண்ட, சம்பந்தர் பாடல் பெற்ற தலம். இன்று இலங்கையின் கிழக்கு மாகாணத் தலைநகர். அங்கு இயற்கைத் துறைமுகத்தை நிலையாகக் காக்க விரும்பிய போர்த்துக்கீசியர் 1622ஆம் ஆண்டு கோணேசுவரத்தை இடித்தனர்; அக்கோயிற் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. துறைமுகத்தை வென்றவர் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. கணவாயை வென்றவரோ கடந்து சென்றனர். அங்குக் கோட்டைக்காகக் கோயில் அழிந்தது. இங்குக் கோயிலே கோட்டையாகி எஞ்சியது. உள்நாட்டுத் தலைநகரின் நிலையாமையே திருவண்ணாமலைக் கோயிலின் நிலைபேற்றிற்கு ஒரு காரணமாயிற்று எனக் கருத இடமுண்டு.

மாவட்டத் தலைநகர்

ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்றதும் கணவாயின் போர் முதன்மை முடிவுற்றது. திருவண்ணாமலை முதலில் தென்னார்க்காட்டின் வட்டத் தலைமையிடமாகவும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடஆர்க்காட்டுடன் இணைக்கப்பட்டும் நிருவகிக்கப்பட்டது. விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதை நிலக்கடலை, நெல் வாணிகத்திற்கு உதவியதோடு, கார்த்திகைத் தீபத்திற்கு வரும் மக்களின் எண்ணிக்கையையும் பெருக்கியது. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று இரயில் வழியே இங்கு வந்துசேர்ந்த இரமண மகரிசி 1950இல் மறையும் வரை ஊரை விட்டு நீங்கவில்லை. அவர் வழியாக இவ்வூரின் பெயர் உலகின் பல நாடுகளை எட்டியது.

1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று வடஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உருவானது. படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சம்புவராயரின் பெயர் மாவட்டத்திற்குச் சூட்டப்பட்டது பொருத்தமே. 1997ஆம் ஆண்டு தமிழக மாவட்டங்கள் அனைத்திற்கும் தலைவர் பெயர் நீக்கப்பட்டபோது அதுவும் நீங்கியது. இப்பிரிவினையால், ஆட்சியர் அலுவலகத்தை நாடி வேலூருக்குச் செல்ல வேண்டிய நிலை இப்பகுதி மக்களுக்கு நீங்கியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 1,45,278. 2024ஆம் ஆண்டு நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

நீரும் மலையும்

வற்றாத ஆறு இல்லாத ஊர் தழைத்ததற்கு மலையே காரணம். மலைமேல் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் குளங்களிலும் ஏரிகளிலும் தேங்கியது. கோயிலினுள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும், வெளியே ஐயங்குளமும், 14 கி.மீ. நீளமுள்ள வலப்பாதையை ஒட்டிய தீர்த்தங்களும், சமுத்திரம் ஏரியும் இவ்வமைப்பின் உறுப்புகள். கடலில்லா ஊர் தன் ஏரிக்குச் சமுத்திரம் எனப் பெயரிட்டிருப்பது, தேக்கிய நீருக்கு அது தந்த மதிப்பைக் காட்டுகிறது. 1958இல் தென்பெண்ணையின் குறுக்கே எழுந்த சாத்தனூர் அணை நகரின் குடிநீர்த் தேவையை நிறைவு செய்யத் தொடங்கியபின், ஓடைகளும் குளங்களும் அன்றாடத் தேவையிலிருந்து விலகின. தேவை குறைந்த இடத்தில் கவனமும் குறைவது இயல்பே.

தலைநகர் நிலையும், பௌர்ணமிதோறும் வலம்வரும் பெருந்திரளும் நிலத்தின் தேவையைப் பெருக்கின; குடியிருப்புகள் மலைச்சரிவில் ஏறின. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயலின் கனமழையால் மலையடிவாரத்தில் மண்ணும் பாறைகளும் சரிந்து வீட்டின்மேல் விழுந்ததில் எழுவர் உயிரிழந்தனர். அவருள் ஐவர் சிறார். நகர் மாநகராட்சியான அதே ஆண்டில் இது நிகழ்ந்தது. சரிவில் வாழ்வோர் பெரும்பாலும் சமநிலத்தில் மனை வாங்க இயலாதோர் என்பதால், இதனை மழையின் விளைவாக மட்டும் கொள்ளாமல் நகர வளர்ச்சியின் விளைவாகவும் கொள்ள வேண்டும்.

முடிவுரை

திருவண்ணாமலை தலைநகரானதற்குச் செங்கம் கணவாயின் வாயிலில் அமைந்த அதன் இருப்பிடமும், ஆட்சிக்கு மதிப்பளித்த அதன் கோயிலும் காரணங்களாகும். வல்லாளன் காலத்திலும் பதினெட்டாம் நூற்றாண்டிலும் கணவாய் வழி வந்த ஆட்சிகள் நிலைக்காமையால் கோயில் எஞ்சியது. 1989இல் அமைந்த தலைநகர் நிலை இவற்றினின்று வேறானது. இது கடந்து செல்லும் ஆட்சியன்று. ஊரிலேயே தங்கி, அலுவலகமும் சாலையும் குடியிருப்புமாக விரிவது. அதனைத் தாங்கும் நிலமோ பழைய மலைச்சரிவும் ஓடையும் ஏரியுமே. ஆகவே இந்நகரின் எதிர்காலத் திட்டமிடலில், மழைநீர் மலையிலிருந்து ஏரி வரை செல்லும் வழியைக் காப்பதும், சரிவில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான மாற்றிடம் அளிப்பதும் முதலிடம் பெறுதல் வேண்டும். கோயிலின் கல்வெட்டுகள் படித்துத் தொகுக்கப்பட்டமை போல, மலையின் ஓடைகளும் அளந்து பதிவு செய்யப்படுதல் அடுத்த ஆய்வுத் தேவையாகும்.