ஏணி போகலாம், சைக்கிள் போகக்கூடாது

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுதலாகச் சொல்கிறேன். மொன்றியல் நகர நடுவில் டு மேசொன்னேவ் வீதியோரமாக ஓடும் சைக்கிள் பாதைக்கு கிளேர் மொறிசெற் என்று பெயர். 2007இல் புற்றுநோயால் இறந்துபோன அந்தப் பெண்ணின் பெயரை அடுத்த வருடமே நகரசபை சூட்டியது. அதே நகரசபைக்கு ஒரு காலத்தில் அவரும் அவரோடு நின்றவர்களும் பெரிய தலையிடி.

1975இல் றொபேட் சில்வர்மனும் சிலரும் 'லு மொண்ட் ஆ பிசிக்லெற்' என்ற சைக்கிளோட்டிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். மொறிசெற் பிறகு சேர்ந்து முன்னுக்கு வந்தவர். சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. அப்போது மெற்றோ என்ற சுரங்க ரயிலில் சைக்கிளுக்குத் தடை. இடத்தை அடைக்கும் என்பது அதிகாரிகளின் நியாயம். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? ஏணி, பனிச்சறுக்குக் கட்டை, ஒரு பெரிய பொம்மை நீர்யானை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குள் இறங்கினார்கள். இவற்றுக்குத் தடையில்லையே! நீர்யானை போகலாம், சைக்கிள் ஏன் போகக்கூடாது என்ற கேள்விக்கு அதிகாரி இப்போது வாய் திறந்து காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லச் சொல்ல அது அவருக்கே பகிடியாகிவிடும். மனுவென்றால் மேசைக்குள் போட்டுப் பூட்டலாம். இதை எங்கே பூட்டுவது?

1980களில் மெற்றோ கதவு சைக்கிளுக்குத் திறந்தது, நெரிசல் இல்லாத நேரங்களில் மட்டும். சென் டெனி வீதியின் அகலமான சைக்கிள் பாதைக்கு 2020 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. கூத்து ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். கூட்டத்துக்குக் கூட்டம் போய் இருந்து கேட்பதுதான் வருடக்கணக்கில் இழுக்கும்.

'எங்களுக்குக் குடியுரிமையே இல்லை, யார் கேட்பார்கள்' என்று மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் எங்கடை ஆக்கள் சொல்வதுண்டு. நகரத் தேர்தலில் வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். 15 வயதோ அதற்கு மேலோ உள்ள எந்த நகரவாசியும் பொது விசாரணை கோரும் மனுவில் கையெழுத்து வைக்கலாம். 15,000 பேர் வைத்தால் நகரசபை விசாரணை நடத்தியே ஆகவேண்டும். நகருக்குள் மரக்கறி பயிரிடுவது பற்றி 29,000க்கு மேல் கையெழுத்துச் சேர்ந்து, 2012இல் விசாரணை நடந்தது. ஆனால் ஒன்று, விசாரணைதான் கட்டாயம். அதன் முடிவை நிறைவேற்றுவது கட்டாயமில்லை. அதற்குப் பின்னும் ஆள் விட்டுத் துரத்த வேண்டும்.

அவ்வளவு பேரைச் சேர்க்க ஏலாதென்றால் வட்டாரசபைக் கூட்டத்துக்குப் போங்கோ. பொதுமக்கள் கேள்வி கேட்க அங்கே நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'ரோட்டு மோசம்' என்று பொதுவாகச் சொன்னால் 'கவனிக்கிறோம்' என்று முடித்துவிடுவார்கள். இந்தச் சந்தி, இந்த நடைபாதை, எந்த மாதத்துக்குள் திருத்துவீர்கள் என்று கேளுங்கோ. பதிலைக் குறித்துவைத்து, அடுத்த கூட்டத்துக்கு வேறொருவரை அனுப்புங்கோ.