சோதனை நடக்கும்போதே கேட்போம்



கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் கிடைக்காமல், ஈ-வே பில் எடுக்க செல்போனோடு வாசலுக்கு ஓடிய அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. மளிகைக் கடையிலோ, வாடிக்கையாளர் "பணம் அனுப்பிட்டேன்" என்பார். நம் போனில் தகவல் வராது. அவருக்குப் பின்னால் நாலு பேர் காத்து நிற்பார்கள். நாமும் செல்போன் கம்பெனிக்குப் புகார் சொல்லிச் சலித்துவிட்டோம். குறையைச் சொல்ல இன்னொரு வாசலும் இருக்கிறது. அதுதான் அரசுப் பணத்தில் நடக்கும் புதிய தலைமுறை செல்போன் சோதனைகள்.

சோதனை என்றால் என்ன? புது ரக அரிசி வந்தால், லோடு இறக்குமுன் சாம்பிள் எடுத்துச் சமைத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். நாடு முழுவதும் விரிக்கும் முன் ஓர் ஊரில், ஒரு தொழிலில் வைத்துப் பார்ப்பார்கள். கம்பெனிகள் கூட்டம் உள்ள பெருநகரத்தில்தான் முதலில் முதல் போடும். அரசு பணம் போடும்போதுதான் சிற்றூருக்கும் முறை வரும்.

பிரிட்டனில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே 5ஜி சோதனைகளுக்கென அரசு 20 கோடி பவுண்டு ஒதுக்கியது. போட்டி வைத்து, 2018 மார்ச்சில் முதல் ஆறு திட்டங்களுக்கு இரண்டரைக் கோடி பவுண்டு அறிவித்தது. அவற்றுள் ஒன்று கிராமங்களுக்கே உரியது. சாமர்செட் பகுதியில் ஒரு பால் பண்ணையில், மாட்டின் கழுத்துப்பட்டை வழியாக அதன் உடல்நிலையை அறியப் 5ஜி இணைப்பைப் பயன்படுத்தினார்கள். வடகோடி ஆர்க்னி தீவுகளும் அதே திட்டத்தில் இடம் பெற்றன. அங்கே 2019-இல் பிபிசி நிறுவனம் 5ஜி வழியாக வானொலி கேட்கும் சோதனையை நடத்தியது. மக்கள்தொகையை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தீவுகளுக்குக் கடைசி இடம்தான் கிடைத்திருக்கும்.

நம் நாட்டிலும் நடக்காமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து, சுமார் 220 கோடி ரூபாய்த் திட்டமாக 5ஜி சோதனைக் களத்தை அமைத்தன. 2022 மே 17 அன்று பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். அரசு அங்கீகாரம் பெற்ற புதுத்தொழில் நிறுவனங்களும் சிறு, குறு தொழில்களும் 2023 ஜனவரி வரை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்றும் அறிவித்தார்கள். கடைக்காரர் நேரே போகும் இடமல்ல அது. ஆனால் பில்லிங் மென்பொருள், மின்தராசு, குளிர்பெட்டிக் கருவி செய்யும் சிறு கம்பெனிகளோடு நமக்குத் தினமும் பழக்கம் உண்டே! அவர்களிடம் இதைச் சொல்ல நமக்குத் தெரிந்திருந்ததா? சலுகைக் காலம் போய்விட்டது.

அடுத்த வாய்ப்பையாவது விடக்கூடாது. 2023 அக்டோபர் 27 அன்று நாடெங்கும் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு நூறு 5ஜி ஆய்வகங்கள் வழங்கப்பட்டன. 6ஜி-க்கான தொலைநோக்கு ஆவணமும் 2023 மார்ச்சில் வெளியாயிற்று. ஆகவே ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் செய்ய வேண்டியவை:

1. நம் வட்டாரத்தில் எந்தக் கல்லூரிக்கு ஆய்வகம் கிடைத்தது என்று விசாரிக்க வேண்டும்.

2. "சிக்னல் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த மண்டியில், எந்த நேரத்தில், எந்த வேலை தடைப்படுகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. சோதிக்க நம் கிடங்கையும் கடையையும் தர முன்வர வேண்டும்.

4. தருமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: மின்செலவு யாருடையது? சோதனை முடிந்ததும் கருவி இங்கேயே இருக்குமா? நம் கொள்முதல், விற்பனை விவரம் யார் கைக்குப் போகும்? பதிலை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

தனி ஒரு கடைக்காரர் போனால் வாசலிலேயே நிறுத்தி விடுவார்கள். சங்கமாகப் போனால் உட்கார வைத்துக் கேட்பார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால். நாம் சேர்ந்தே கேட்போம்.