டிஸ்சார்ஜுக்குப் பிறகு இரண்டு வருடம்

பலத்த தீக்காயத்தோடு வார்டில் கிடந்த குழந்தை பிழைத்து வீடு திரும்பினால், கண்டம் தாண்டிவிட்டது என்று உறவும் ஊரும் நிம்மதி கொள்கின்றன. அரசின் கணக்கும் ஏறக்குறைய அங்கேயே முடிகிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, டிஸ்சார்ஜ் ஆனபின் 15 நாள் வரையிலான மருந்துக்கும் கவனிப்புக்கும்தான் பொறுப்பேற்கிறது. ஆழமான தீக்காயத்தின் தழும்பு முற்றி அடங்கவோ ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகும். அந்தக் காலம் முழுக்கக் குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் பெற்றோர்தான். அவர்களை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் கவனிக்கும் தீக்காயச் சிகிச்சை பாதியில் நின்றுபோன சிகிச்சை என்பேன்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் வெந்துபோவது கொதிக்கும் தண்ணீராலும் சாம்பாராலும் பாலாலும்தான். மூன்று வயதுக் குழந்தையின் உள்ளங்கை அப்படி வெந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். புண் ஆற ஆறத் தோல் சுருங்கும். வலிக்குப் பயந்து குழந்தை விரல்களை மடக்கியே வைத்திருக்கும். எந்த நிலை அதற்குச் சுகமோ அந்த நிலையிலேயே தழும்பு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் இரவில் விரல்களை நீட்டிக் கட்டும் ஸ்ப்ளின்ட், பகலில் ஒவ்வொரு விரலாக நிமிர்த்தும் பயிற்சி, குளிக்கும் நேரம் போக நாளுக்கு 23 மணி நேரம் போட்டிருக்க வேண்டிய இறுக்கமான அழுத்தக் கையுறை. ஒட்டுப் போட்ட தோல் சரியாக வியர்க்காது, எண்ணெய்ப் பசையும் சுரக்காது. கோடை வெயிலில் அந்த உறைக்குள் நமைச்சல் தாளாமல் குழந்தை இரவெல்லாம் அழும். குழந்தை வளர்வதால் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக அளவெடுக்கவும் வேண்டும். தழும்பு மட்டும் குழந்தையோடு சேர்ந்து வளராது. ஆகவே வளரும் வயது முடியும்வரை அவ்வப்போது இறுக்கத்தை விடுவிக்கும் அறுவை தேவைப்படலாம். பிசியோதெரபிஸ்ட் எப்போதோ ஒருநாள்தான் பார்க்கிறார். மற்ற நாளெல்லாம் அந்த விரலை நிமிர்த்த வேண்டியது அம்மா.

அந்த அம்மாவின் மனநிலை என்ன? "பெத்தவ எங்க போயிருந்தா?" என்ற கேள்வியை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே காதில் வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். கேட்பவர் வாயை மூடினாலும் அவள் மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். தன்னால் வெந்த பிள்ளை தன் கையாலேயே இன்னொரு முறை வலிக்க அழுவதை அவளால் பார்க்க முடிவதில்லை. ஸ்ப்ளின்டைத் தளர்த்திவிடுகிறாள், பயிற்சியை நாளைக்குத் தள்ளுகிறாள். சில மாதங்களில் விரல் மடங்கி நின்றுவிடுகிறது. தாயின் குற்ற உணர்வு குழந்தையின் கையில் ஊனமாக இறங்குவது இப்படித்தான். மனநல ஆலோசனையைக் கூடுதல் சலுகையாக எண்ணுகிறவர்கள் இந்தத் தொடர்பைப் பார்க்கத் தவறுகிறார்கள். முட்டை, பருப்பு கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்ற பத்தியமும் இந்தப் பயத்தோடு சேர்ந்துகொள்ளும். உண்மையில் பலத்த தீக்காயத்திலிருந்து தேறும் உடலுக்கு வழக்கத்தைவிட அதிகமான புரதம் வேண்டும். அஜாக்கிரதையாக இருந்தவர்களுக்கு ஆறுதல் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே சுட்ட காயமோ என்று சந்தேகம் வந்தால் விசாரித்தே ஆகவேண்டும். ஆனால் ஒரே அறையில் சமைத்து, தரையிலேயே அடுப்பும் அண்டாவும் வைத்துப் பிழைக்கும் வீட்டில் நடந்த விபத்துக்குத் தாயைத் தண்டித்தால், அந்தத் தண்டனையை அனுபவிக்கப்போவது குழந்தைதான்.

குடும்பத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்கு ஆதாரம் உண்டு. உடலில் 70 சதவீதத்துக்கு மேல் வெந்தும் குழந்தைப் பருவத்தில் பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய், பாஸ்டன் ஷிரைனர்ஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலருக்கு உடல் குறைபாடுகள் நீடித்தாலும், பெரும்பாலோர் நிறைவான வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தொடர்ந்து தீக்காயக் கிளினிக்குக்கு வந்தது, பழைய அன்றாட வாழ்க்கைக்குச் சீக்கிரம் திரும்பியது, குடும்பம் குலையாமல் நின்றது ஆகியவை நல்ல நிலையோடு சேர்ந்து காணப்பட்டன. கேலிக்குப் பயந்து, தழும்பு மங்கும்வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் பெற்றோரின் எண்ணம் அன்பிலிருந்து வருவதுதான். ஆனாலும் இரண்டு வருடம் வீட்டுக்குள் இருக்கும் குழந்தை, தன்னை வெளியே காட்டக்கூடாது என்றே கற்றுக்கொள்ளும். அதைவிட, குழந்தை வருவதற்கு முன்பே ஆசிரியர் வகுப்பில் பேசலாம்: இது தொற்றாது, அந்த உறை மருந்து போன்றது, வெயிலில் இவளை நிழலில் உட்காரவிடுங்கள். குழந்தைக்கும் ஒரு பதில் கைவசம் இருக்கட்டும்: "சுடுதண்ணி கொட்டிடுச்சு, இப்ப ஆறிடுச்சு, வா விளையாடலாம்."

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதைத் தமிழ்நாடு ஆண்டுதோறும் நினைத்து அழுகிறது. காயத்தோடு பிழைத்த 18 பேரைப் பற்றிய பேச்சு எவ்வளவு குறைவு! பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை.

உயிர்காக்கும் படுக்கைக்கே தட்டுப்பாடு, இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. மடங்கிய விரலை நிமிர்த்தும் ஓர் அறுவைக்கு ஆகும் செலவை, அதைத் தவிர்க்கும் கையுறையோடும் ஸ்ப்ளின்டோடும் ஒப்பிட்டால் பதில் கிடைக்கும். ஆட்களும் புதிதாக வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் ஏற்கெனவே வீடுகளுக்குப் போகிறார்கள். தீக்காய வார்டிலிருந்து ஒரு குழந்தை கிளம்பும் அன்றே அதன் முகவரி, அந்த வட்டாரப் பிசியோதெரபிஸ்டின் கைக்குப் போகட்டும். பள்ளி வயதுக் குழந்தையானால் தலைமை ஆசிரியருக்கும் ஒரு கடிதம் போகட்டும். மறுபரிசோதனைக்கு வரும் நாளில் தகப்பனுக்கோ தாய்க்கோ போகும் கூலியையும் பஸ் செலவையும் திட்டமே ஏற்கட்டும். மூன்றாவது மாதத்தோடு பல குடும்பங்கள் வராமல் நின்றுபோவது அலட்சியத்தால் என்று எழுதிவைப்பதற்கு முன், ஒருநாள் கூலி போனால் அந்த வீட்டில் உலை வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.