உங்களுக்குத் தெரியுமா? எந்த நூல் வேதம், யார் சொன்னது?

பைபிளின் புதிய ஏற்பாட்டில் 27 நூல்கள். கூட்டாமல் குறைக்காமல் இந்த 27-ஐயும் பட்டியலிட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆவணம், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் கி.பி. 367-இல் எழுதிய ஈஸ்டர் மடல். அதற்கு முன்பு எபிரெயர் நிருபத்தை ஏற்க மேற்கிலும், வெளிப்படுத்தின விசேஷத்தை ஏற்கக் கிழக்கிலும் பலர் தயங்கினார்கள்.

அந்தத் தயக்கம் எளிதில் ஓயவில்லை. வேதமே திருச்சபைக்கு மேலான அதிகாரம் என்று முழங்கிய மார்ட்டின் லூதரே, 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய நான்கையும் கடைசிக்குத் தள்ளினார். பொருளடக்கத்தில் அவற்றுக்கு எண்ணும் தரவில்லை. ஆனாலும் நீக்கிவிடவில்லை. அதிகாரத்துக்குப் பணிவதும் கேள்வி கேட்பதும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததே இதில் வியப்பு.

பழைய ஏற்பாட்டில்தான் இன்றும் பெரிய வேறுபாடு. சீர்திருத்தத் திருச்சபைகளின் பைபிளில் மொத்தம் 66 நூல்கள். கத்தோலிக்கர்களுக்கு 73, திரெந்துப் பொதுச்சங்கம் 1546-இல் இதை உறுதிசெய்தது. எத்தியோப்பியத் திருச்சபை ஏனோக்கின் நூலையும் வேதமாக ஏற்கிறது.

உங்கள் கையிலுள்ள பைபிளின் பொருளடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்: தோபித்து, மக்கபேயர் இருந்தால், கத்தோலிக்கர் ஏற்கும் கூடுதல் நூல்களும் அதில் உண்டு.